மாடியில் நடந்த பள்ளிக்கூடமும் பேரவையில் நான் சொன்ன சொல்லும்

எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் என் நிலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. தருமபுரி மாவட்டத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் ஊரின் கத்தோலிக்க உழவர் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். திருச்சியில் விடுதியில் தங்கி வரலாற்றில் முதுகலை முடித்தேன். எங்கள் பங்கின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். அதன் பிறகு, பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையின் துணைத்தலைவர் பொறுப்பு என்னைத் தேடி வந்தது. நான் கேட்டுப் போகவில்லை. ஞாயிறுதோறும் காலையின் முதல் திருப்பலிப் பூசையில் விவிலிய வாசகம் வாசிப்பவன் நான். இப்போதைய பங்குத்தந்தை என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர். ஊரில் எச்.எம். என்றால் என்னைத்தான் குறிக்கும். இனி நான் எழுதப்போவதை, காப்பாற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத ஒருவனின் குழப்பமாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் மனைவி காலமான பின் மகன் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்து என் வீட்டு மாடியில் குடியேறினான். கணினி நிறுவனத்தில் அவனுக்கு வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அனுமதித்திருந்தார்கள். மருமகள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம், கணிதப் பட்டதாரி. ஒரு பேத்தி, அவளுக்கு இளையவனாக ஒரு பேரன். அவர்கள் வருகிறார்கள் என்றதும் நான் பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியையான அருட்சகோதரியிடம் இரண்டு இடங்களுக்குச் சொல்லிவைத்தேன். சீருடைத் துணியும் வாங்கித் தைக்கக் கொடுத்தேன்.

பள்ளி திறக்கும் நாளன்று காலை மணி அடித்தது. என் வீட்டிலிருந்து அந்த மணி நன்றாகவே கேட்கும். மாடியிலிருந்து எவரும் இறங்கி வரவில்லை. படிக்கட்டின் கீழ் நின்று குரல் கொடுத்தேன்.

"என்னம்மா, பிள்ளைங்க இன்னும் கிளம்பலையா?"

மருமகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். "இல்லைங்க மாமா. இந்த வருஷம் வீட்டுலயே படிக்கட்டும்னு இருக்கோம்."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க மாமா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க."

பிள்ளை பள்ளி நாளில் வீட்டில் இருப்பதற்கு நோயைத் தவிர என் அனுபவத்தில் வேறு காரணம் இருந்ததில்லை. மாலையில் மகனை அழைத்துக் கேட்டேன். அவன் நின்றுகொண்டே பதில் சொன்னான்.

"அப்பா, பிள்ளைங்களைக் கடவுள் எங்க கையிலதான் குடுத்திருக்காரு. நாங்க காலையில கொண்டுபோய் வேற யார் கையிலயோ குடுத்துட்டு, சாயங்காலம் ஹோம்வொர்க்கோட திரும்ப வாங்கிக்கிட்டு இருந்தோம். பெங்களூர்ல நாலஞ்சு குடும்பம் இந்த மாதிரி வீட்டுலயே சொல்லிக் குடுக்கறாங்க. செபத்தோட ஆரம்பிச்சு பைபிள், கணக்கு, சயின்ஸ் எல்லாம். பெரிய பரிட்சையைத் தனித்தேர்வரா எழுதிக்கலாம்."

"நம்ம ஃபாதர் ஸ்கூல்லதானே நீ படிச்ச?"

"படிச்சேன்ப்பா. அப்ப நான் உங்களைப் பார்த்ததே இல்லை. எச்.எம்.மைத்தான் பார்த்தேன்."

அதற்கு என்ன பொருள் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. நானும் எச்.எம்.மும் ஒரே ஆள்தான்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் கோவில், பங்குத்தந்தை இல்லம், கன்னியர் மடம், பள்ளி எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன, வாயிலும் ஒன்றுதான். ஆகவே பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தவர் கோவிலிலிருந்தும் தம்மை எடுத்துக்கொள்ளப்போகிறார் என்றே எங்கள் மக்கள் கருதுவார்கள். அதற்கு முன்னுதாரணங்களும் உண்டு. முதலில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். சில மாதங்களில் வீட்டுச் சுவரிலிருந்து மாதா படம் இறங்கும். பிறகு நெடுஞ்சாலையோரம் தகரக்கூரை போட்ட, மாதாவை வணங்காத சபையில் கைதட்டிப் பாடிக்கொண்டிருப்பார்கள். நானே என் கையால் அத்தகைய சான்றிதழ்களில் ஒப்பமிட்டிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்பது தெரிந்ததும் ஊர் என்ன நினைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏனெனில் நானும் அதையேதான் நினைத்தேன்.

மாடியில் என்ன நடந்தது என்பதைக் கீழிருந்து கேட்ட அளவில் சொல்கிறேன். காலையில் விவிலியத்திலிருந்து ஒரு திருப்பாடலைப் பிள்ளைகள் உரக்க வாசிப்பார்கள். பிறகு மிக்சி ஓடும். மிக்சி ஓடிய கையோடு பின்னக் கணக்கு தொடங்கும். ஒரு முறை ராகிக் களி உருண்டையைப் பாதியாகவும் காலாகவும் பிய்த்துப் பாடம் நடந்தது. பாடம் முடிந்ததும் பாடத்தைத் தின்றுவிட்டார்கள். இன்னொரு நாள் மருமகள் எகிப்து வரைபடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, நைல் நதி இங்கே, யோசேப்பு இங்கே என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அரச மரபுகளின் வரிசையில் அவள் ஒன்றை முன்பின்னாகச் சொல்வது காதில் விழுந்தது. திருத்துவதற்காகப் பாதிப் படி ஏறினேன். தலைமையாசிரியர் முன்னறிவிப்பின்றி வகுப்பில் நுழையலாம்; மாமனார் மருமகளின் அறைக்குள் நுழைய இயலாது. இவற்றில் எந்த முறை இங்கே பொருந்தும் என்று தெரியாமல் திரும்பி இறங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர்கள் ஒகேனக்கல்லுக்குப் போய் வந்தார்கள். பரிசல் ஏன் சுற்றிக்கொண்டே போகிறது என்பதுதான் அன்றைய அறிவியலாம். மறுநாள் கடைவீதியில், தக்காளி மண்டி வைத்திருக்கும் எங்கள் பேரவை உறுப்பினர் என்னை வழிமறித்தார்.

"சார், உங்க பேரப்பசங்களை நேத்து ஒகேனக்கல்ல பார்த்தனுங்க. மீனு வறுவலை ஒரு கை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஸ்கூல் லீவுங்களா?"

"ஒரு வகையில்" என்றேன்.

"நம்ம பசங்களுக்கு மட்டும் அந்த வகை லீவு கெடைக்க மாட்டேங்குதுங்களே சார்" என்று அவர் சிரித்தார். அவர் பிள்ளைகள் என்னிடம் படித்த காலத்தில் ஒரு நாள் விடுப்புக்கும் நான் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெங்களூர்க் குடும்பங்களுள் இரண்டு, ஒரு விடுமுறையில் வந்து மாடியில் தங்கின. கிட்டார் வாசித்து, கைதட்டி, பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பாடினார்கள். அல்லேலூயா என்பது எங்கள் திருப்பலியிலும் பாடப்படும் சொல்தான். ஆனால் கைதட்டுடன் மொட்டைமாடியிலிருந்து அது கேட்டால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே பொருள்தான். எதிர்வீட்டுக் கவுண்டர் வீட்டம்மாள்கூட மறுநாள் காலையில் வாசலைக் கூட்டியபடி, "சார் வூட்டுல ஒரே பாட்டுங்களே, என்ன விசேசமுங்க?" என்று கேட்டார். விருந்தாளிகள் என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. அவர்கள் எந்தக் கோவிலைச் சேர்ந்தவர்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மாடிக்குச் சென்றேன். உண்மையில் சுவரைப் பார்க்கத்தான் போனேன். கூடத்தில் மாதா படம் இருந்த ஆணி வெறுமையாக இருந்தது. படத்தை உள்ளறையில் பிள்ளைகளின் மேசைமீது கண்டேன். பக்கத்தில் வண்ணப் பென்சில்கள். பேரன் அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். இறக்கிவைத்தார்கள் என்று எடுத்துக்கொள்வதா, முன்னைவிட அருகில் வைத்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்வதா? தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று அறிவித்துவிட்டுக் கீழே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள்தாம் என்னை அதிகம் வருத்தின. நான் முதல் திருப்பலிக்குப் போய்த் திரும்பிவிடுவேன். அவர்கள் இரண்டாம் திருப்பலிக்குப் போவார்கள். அது முடிந்து கூட்டம் கலைந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர்கள் கார் வீடு திரும்பும். நெடுஞ்சாலையில், அந்தச் சபைக் கூடத்தின் எதிரே அந்தக் காரைப் பார்த்ததாக இருவர் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால், அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பீடத்தருகே நின்று நான் எப்படி வாசகம் வாசிப்பது? ஆகவே கேட்கவில்லை.

பேத்திக்கு அந்த ஆண்டு புது நன்மை வாங்கும் வயது. திருப்பலியில் வழங்கும் நற்கருணை அப்பத்தை முதன்முறையாக உட்கொள்ளும் அந்தச் சடங்கு எங்கள் பங்குத் திருவிழாவின் போது நடக்கும். பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, கையில் மெழுகுவத்தியுடன் பள்ளி வாயிலிலிருந்து கோவிலுக்கு இணை இணையாக நடந்து வருவார்கள். இதற்கு ஒரு விதி உண்டு. மறைக்கல்வி என்னும் சமயப் பாட வகுப்புக்கு ஒழுங்காக வந்து முடித்த பிள்ளைக்கே புது நன்மை. வெளியூரில் இருப்பவர்கள் விடுமுறையில் வந்திறங்கி, புகைப்படக்காரரோடு கோவிலுக்கு வந்து நின்ற காலத்தில், பேரவையில் அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி பள்ளி நேரத்திலேயே நடக்கும். அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறன்று தனி வகுப்பு உண்டு. என் பேத்தி இரண்டு வகையிலும் சேராதவள் என்பதே என் எண்ணமாக இருந்தது.

திருவிழாவுக்கான பேரவைக் கூட்டத்தில் மண்டிக்காரர் எழுந்தார்.

"ஒன்னே ஒன்னு கேட்டுக்கறனுங்க. எச்.எம். சார் பேத்திக்கு இந்த வருசம் புது நன்மைங்களா?"

பங்குத்தந்தை நிமிர்ந்தார். "அதைப் பத்தி சிஸ்டர் எங்கிட்ட..."

"இல்லீங்க ஃபாதர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று மண்டிக்காரர் தொடர்ந்தார். "ஊரு புள்ளைங்களுக்கு ஒரு சட்டம், சார் வூட்டுப் புள்ளைக்கு ஒரு சட்டம்னு நாளைக்கு யாரும் பேசிறக்கூடாது பாருங்க. ஏற்கெனவே அவங்க சபைக்குப் போறாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது."

யாரோ இருமினார்கள். பங்குத்தந்தை மறுபடியும் வாய் திறந்தார். நான் கையை உயர்த்தினேன். வகுப்பில் உயர்த்திய அதே கைதான். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"என் பேத்தி விதியை நிறைவு செய்யவில்லை. அவள் காத்திருப்பாள். அடுத்த பொருளுக்குப் போகலாம்" என்றேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பலர் என்னிடம் மரியாதையாகத் தலையசைத்தனர். வீட்டுக்குப் போய் மருமகளை அழைத்துச் செய்தியைச் சொன்னேன். மாடிக் கொடியில் பேத்தியின் புது நன்மைக்கான வெள்ளை உடை அலசிக் காயப்போடப்பட்டிருந்தது. அவள் ஏதோ சொல்ல வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு "சரிங்க மாமா" என்று மட்டும் சொல்லி மேலே போனாள்.

சற்று நேரத்தில் பேத்தி இறங்கி வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"தாத்தா, நான் எதுல ஃபெயிலு?"

"நீ எதிலும் ஃபெயில் இல்லைம்மா."

"அப்புறம் ஏன் எனக்குக் கிடையாது?"

"வகுப்புக்கு வரணும்னு விதி இருக்கு."

"நான்தான் போறேனே."

"மாடியில உங்கம்மா சொல்லித்தர்றது வகுப்பு ஆகாது."

"மாடியில இல்ல தாத்தா" என்று அவள் தொடங்குவதற்குள் மேலேயிருந்து அவள் தாய் சற்றுக் கடுமையாக அழைத்தாள். பேத்தி ஓடிவிட்டாள்.

மாடியில் இல்லையென்றால் எங்கே? எனக்குத் தோன்றிய ஒரே இடம் நெடுஞ்சாலையோரத்துத் தகரக்கூரைதான். என் பேத்தி அங்கே பெஞ்சில் அமர்ந்து கைதட்டுவதாக ஒரு காட்சி மனத்தில் எழுந்தது; அதை அகற்ற முடியவில்லை. அவள் கேட்ட கேள்வியும் கூடவே நின்றது. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளை வெற்றி, தோல்வி என்று பிரித்தவன் நான். எதிலும் தோற்காத ஒரு பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, வழக்கத்துக்கு மாறாக, இரண்டாம் திருப்பலிக்கும் போனேன். கடைசித் தூணருகே நின்றேன். என் குடும்பம் நடுவில் அமர்ந்திருந்தது. திருப்பலி முடிந்ததும் மகன் மட்டும் காருக்குச் சென்று, அதிலேயே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் பிள்ளைகளுடன் வாயிலை நோக்கி நடக்காமல் எதிர்ப்பக்கம், பள்ளிக் கட்டடத்துக்குள் போனாள். நான் சற்று நேரம் விட்டுத் தாழ்வாரத்தில் நடந்தேன். அங்கே ஓசையெழாமல் நடப்பது எனக்குப் பழக்கம்தான்.

கடைசி வகுப்பறையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சிலர், நெடுஞ்சாலைக் கடைக்காரர்களின் பிள்ளைகள், கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். கரும்பலகையருகே என் மருமகள் நின்றிருந்தாள். இயேசு பெருங்கூட்டத்துக்குப் பகிர்ந்து கொடுத்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வரைந்து, "இதை வச்சிருந்தவன் முதல்ல என்ன நெனச்சிருப்பான்? சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தனக்குப் பத்துமான்னு நெனச்சிருப்பான் டீச்சர்!" என்று ஒரு பையன் கத்த, வகுப்பே சிரித்தது. பேத்தி நடுப் பெஞ்சில், மலைச் சிறுமிகள் இருவருக்கிடையே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறைக்கல்விக்குப் பொறுப்பான சகோதரி என்னைக் கண்டு விரைந்து வந்தார்.

"சார், வாங்க. வகுப்பைப் பார்க்க வந்தீங்களா?"

"இது எவ்வளவு காலமாக நடக்கிறது?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? ஸ்கூல் தொறந்ததுல இருந்தே உங்க மருமகதான் இந்த வகுப்பை எடுக்கறாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா? வகுப்பு முடிஞ்சதும் உங்க மகன் தூரத்துப் பசங்களைக் கார்ல கொண்டுபோய் பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வருவாரு. அந்தச் சபைக்கு எதிர்த்தாப்பல பஸ் ஸ்டாப்பு இருக்கே, அங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பேத்தி காத்திருக்கட்டும்னு நீங்க சொன்னதாக் கேள்விப்பட்டுக் குழம்பிப் போயிட்டோம் சார். ஒரு நாள் தவறாம வந்த புள்ளை. ஃபாதர்கிட்ட கேட்டேன். 'எச்.எம். கையைத் தூக்கிட்டாரு, நான் என்ன பண்றது சிஸ்டர்'னு சொல்றாரு."

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் கேட்டேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன் மாமா. பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேச்செடுத்தாலே நீங்க எழுந்து போயிடுவீங்க."

"கூட்டத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"நாலு பேர் முன்னாடி நீங்க சொன்ன வார்த்தை அது. நான் போய் சிஸ்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டா உங்களைப் பொய்யாக்கின மாதிரி ஆயிடும். ஒரு வருஷம் தானே, பரவாயில்லைன்னு அவளுக்குச் சொல்லிப் பார்த்தோம். அவளுக்குத்தான் புரியலை."

எனக்கும் புரியவில்லை. பள்ளியை மறுத்தவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். தன் மகளுக்கு உரியதை, என் பெயருக்காக விட்டுக்கொடுக்கச் சித்தமாக இருக்கிறாள். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முயன்று தோற்றேன். ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. பேத்தியின் புது நன்மை என் சொல்லில் தடைபட்டு நிற்கிறது. அந்தச் சொல்லை நான் ஒருவன்தான் திரும்பப் பெற முடியும்.

மறு ஞாயிறன்று, முதல் திருப்பலியின் அறிவிப்பு நேரத்தில், பங்குத்தந்தையின் அனுமதியுடன் வாசகப் பீடத்தில் நின்று இவ்வாறு கூறினேன்: "பேரவையில் நான் தெரிவித்த செய்தி பிழையானது. என் பேத்தி மறைக்கல்வி வகுப்பை முறைப்படி முடித்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளுடன் அவளும் புது நன்மை பெறுவாள்." காரணம் எதுவும் கூறவில்லை. பேத்தியின் செயலுக்கு விளக்கம் தேவையில்லை. என் செயலுக்கு அது இடமில்லை என்று கருதினேன். குரல் நடுங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

திருவிழாவன்று அவள் நடந்து வந்தாள். இணைக்கு ஒரு மலைச் சிறுமி. மெழுகுவத்தி காற்றில் அணைய, மற்றவள் தன் சுடரிலிருந்து ஏற்றிக்கொடுத்தாள். திருப்பலி முடிந்ததும் மண்டிக்காரர் இரு கைகளாலும் என் கையைப் பற்றினார்.

"சாமர்த்தியமுங்க சார் உங்களுக்கு! ஓரமா கூட்டிட்டுப் போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பீங்க. சபைக்குப் போனவங்களைத் திருப்பிக் கொண்டாந்து, புள்ளையை வகுப்புலயும் உக்கார வச்சுட்டீங்களே. எங்களால ஆவுமுங்களா?"

சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. நான் சொன்ன மறுப்பு அவர் காதில் விழவில்லை. விழும்படி சொன்னேனா என்பதும் எனக்கு உறுதியில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சு ஊர் முழுவதும் பரவி, பக்கத்துப் பங்குகளிலும் என்னைப் பாராட்டுகிறார்கள். பிள்ளைகள் மீண்டும் பள்ளியில் சேர்ந்துவிட்டதாகவும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அது உண்மையன்று. என் மகனும் மருமகளும் எந்தச் சபைக்கும் போகவில்லை. நான் எவரையும் திருப்பி அழைத்து வரவில்லை. என் பேத்தியை வகுப்பில் உட்கார வைத்தவள் அவள் தாய். பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. வீட்டு மாடியில்தான் படிக்கிறார்கள்.